மகளின் முகத்தில் வந்த வளையங்கள்

மகள் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்னூரில் அம்மா வீட்டில் இருந்தேன். காலை வெயிலில் குழந்தையைச் சற்று நேரம் வைத்திருப்போம். ஒருநாள் அவள் கண்களைச் சுற்றிச் சிவப்பு வளையங்கள் தெரிந்தன.

"அக்கியாட்டம் இருக்குது கண்ணு. காவி பூசிப்போட்டா போயிரும்" என்றாள் அம்மா.

பூசினோம். வளையங்கள் நெற்றிக்கும் ஏறின.

கணவர் எங்களைக் கோயமுத்தூரில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனார். அவர் குழந்தையை நன்றாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு மூட்டுவலி, கண் உறுத்தல் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. பாப்பாவுக்குத்தானுங்க."

"தெரியுதுங்க அம்மணி. உங்க ரத்தத்தையும் பாத்துரலாம்."

என் ரத்தத்திலும் மகள் ரத்தத்திலும் ஒரே எதிர்ப்பொருள் இருந்தது. "கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கறதுங்க இது. உங்க உடம்பு ஆள் தெரியாம தனக்கு எதிராவே உண்டாக்கிருச்சு. வயித்துல இருக்கறப்ப பாப்பாவுக்கும் போயிருச்சு. அதனாலதான் இந்த வளையமுங்க" என்றார் மருத்துவர்.

"அப்ப எனக்கு ஏனுங்க ஒண்ணும் வரல?"

"சிலருக்கு வராமயே இருக்கும். சிலருக்குப் பின்னால வரும். இப்பச் சொல்ல முடியாதுங்க."

சில குழந்தைகளுக்கு இது இதயத்துடிப்பையே குறைத்துவிடுமாம். அன்றே இ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தச் சின்ன மார்பில் ஒயர்களை ஒட்டும்போது அவள் கால்களைப் பிடித்துக்கொண்டேன். துடிப்பு சரியாக இருந்தது. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், வெயில் மட்டும் படக்கூடாது என்றார்கள்.

திரும்பும் வழியில் மகள் பாலுக்கு அழுதாள். கொடுக்கலாம் என்று கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன், ஆனாலும் தயங்கினேன்.

"வெயில்னால வந்துதா, உன்னால வந்துதா?" என்று கேட்டார் கணவர். குற்றம் சொல்லவில்லை; அவருக்கும் புரியவில்லை. போனில் மாமியார், "எங்கூட்டுல ஆருக்கும் இப்பிடி இல்லியே" என்றார். அது ஆறுதலா, குத்தலா என்று யோசித்துக்கொண்டே பால் கொடுத்தேன்.

அவள் தானாக உட்காரத் தொடங்கியபோது வளையங்கள் மங்கி மறைந்திருந்தன. என்னிடமிருந்து போனது அவள் ரத்தத்தில் தீர்ந்துவிட்டதாம். அவளுக்கு இனி பயமில்லை என்றார் மருத்துவர். என் உடம்பில் அது இருக்கிறது.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் வருடந்தோறும் பரிசோதனைக்குப் போகிறேன். துணி துவைத்துவிட்டு விரல் வலித்தால், இது அதுதானா, வெறும் அலுப்பா என்று தெரிவதில்லை. இன்னொரு குழந்தை பெறலாம், வயிற்றில் இருக்கும்போதே அதன் இதயத்தை அடிக்கடி ஸ்கேனில் பார்க்கவேண்டும் என்கிறார்கள். கணவருக்கு ஆசை. எனக்கு ஒரு நாள் வேண்டும் போலிருக்கிறது, மறுநாள் வேண்டாம் போலிருக்கிறது.