பச்சை மையில் ஒன்பது கூப்பன்கள்

திண்டிவனத்தில் செஞ்சி சாலையிலிருந்த அந்தச் சூப்பர் மார்க்கெட், விழுப்புரத்துக் கடை ஒன்றின் கிளை. 2013ஆம் ஆண்டு ஜூலையில் வெனிலா அங்கே பில்லிங் பிரிவின் பொறுப்பாளரானாள். ஆனால் அந்தப் பொறுப்பு தற்காலிகமானது. ஆண்டு முடிவில் அவளை நிலைநிறுத்துவதா, கிடங்குக்கே திருப்பி அனுப்புவதா என்பதை விழுப்புரம் அலுவலகம் தீர்மானிக்கும்.

கிடங்கு அவளுக்குப் புதிய இடமன்று. வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஞானராஜின் மூத்த மகள் அவள். பிளஸ் டூ முடித்த கையோடு இந்தக் கடையில் சேர்ந்து, ஐந்து ஆண்டுகள் பருப்பும் மல்லாட்டைக் கடலையும் மிளகாய்த் தூளும் நிறுத்துப் பொட்டலம் கட்டினாள். அஞ்சல்வழியில் பி.காம். முடித்ததும் அந்தக் காலத்தில்தான். பட்டத்தோடு கூடவே மூச்சிரைப்பும் வந்து சேர்ந்தது. பில்லிங் மேடைக்கு மாறிய பிறகே இரவில் அவளால் படுத்து உறங்க முடிந்தது. ஆகவே பதவி நிலைக்க வேண்டும் என்று அவள் விரும்பியதற்குச் சம்பளமோ மரியாதையோ முதற்காரணம் அல்ல. மறுபடியும் அந்த மிளகாய் நெடிக்குள் போய் நிற்க அவளால் முடியாது.

அந்த ஆண்டுதான் இணையக் கூப்பன்கள் வந்தன. ஒரு சமையல் எண்ணெய் நிறுவனம் தன் இணையதளத்தில் தள்ளுபடிக் கூப்பன் வெளியிட்டது. அதைக் கணினியில் அச்சிட்டுக் கொண்டுவந்தால் கடை விலையைக் குறைக்கும். மாத முடிவில் கூப்பன்களைக் கட்டி அனுப்பினால் நிறுவனம் அந்தத் தொகையைக் கடைக்குக் கொடுக்கும். ஒவ்வோர் அச்சுக்கும் அடியில் தனி எண் இருக்கும். ஒரு கணினியிலிருந்து இரண்டு அச்சுக்கு மேல் வராது. ஒரே எண்ணுள்ள இரண்டு கூப்பன்கள் வந்தால், இரண்டாவது வெறுங்காகிதம். விழுப்புரம் கடையில் கண்ணையன் என்ற பில்லிங் பொறுப்பாளர் இதைப் பொருட்படுத்தாமல் ஒரு கட்டு ஜெராக்ஸ்களை வாங்கிப் போட்டுவிட்டார். நிறுவனம் அத்தனையையும் திருப்பி அனுப்பியது. கண்ணையன் இப்போது கிடங்கில் இருக்கிறார் என்ற செய்தி திண்டிவனத்துக்கும் வந்திருந்தது.

அதன்பின் விதிகளை அச்சடித்து ஒவ்வொரு மேடையிலும் ஒட்டினார்கள். வெனிலா அவற்றைத் தன் பிரிவிலுள்ளவர்களுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினாள். இருந்தும் வாடிக்கையாளர்கள் அந்த விதிகளைத் தங்கள் பழக்கத்தை வைத்தே புரிந்துகொண்டார்கள். ஒருவர் கூப்பனை லாமினேட் செய்து கொண்டுவந்தார். பில் போட்டதும், ரேஷன் கார்டைக் கேட்பதுபோல் அதைத் திருப்பிக் கேட்டார். “இத நாங்க வச்சிக்கணுங்க” என்று வெனிலா சொன்னபோது, “அப்ப அடுத்த மாசம் நான் எத்தக் காட்டுவேன்?” என்று கேட்ட அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

இதெல்லாம் சிறிய தொல்லைகள். பெரிய தொல்லை டிசம்பர் மூன்றாவது வாரத்தில், பிரம்மதேசம் கிராமத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியது.

அன்புச்செல்வி, வெனிலாவின் கணவன் பிரான்சிஸுக்கு அக்கா. அந்த ஊர் மகளிர் குழுவின் தலைவி. பத்து ஆண்டுகளாகக் குழுவுக்கு வங்கிக் கடன், மாட்டுக் கடன், தையல் எந்திரம் எல்லாம் வாங்கிக் கொடுத்தவள். எந்த அலுவலகத்தில் எந்தத் தாளுக்கு எத்தனை நகல் என்பது அவளுக்கு மனப்பாடம். கிறிஸ்துமஸ் முறுக்குக்கு எண்ணெய் வாங்க இந்தக் கடைக்கே போகலாம், தள்ளுபடி உண்டு, தம்பி பெண்டாட்டிதான் அங்கே பெரிய ஆள் என்று சொல்லி, ஒன்பது பேரை அழைத்துவந்திருந்தாள்.

பத்து எண்ணெய் டின்களும் மேடைக்கு வந்தன. அன்புச்செல்வி தன் கூப்பனை முதலில் நீட்டினாள். வண்ண அச்சு, பில்லிங் எந்திரம் ஏற்றுக்கொண்டது. அடுத்து மற்ற ஒன்பதையும் எண்ணி வைத்தாள். அவை கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘உண்மை நகல்’ என்ற முத்திரை, அதன் கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து, அலுவலக வட்ட முத்திரை.

வெனிலா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இன்னாண்ணி இது?”

“இன்னாவா? நகல் செல்லாதுன்னு போர்டு வச்சிக்கினு இருக்கீங்கல்ல? அதான் ஹெச்.எம். கிட்ட அட்டஸ்ட் வாங்கியாந்தேன். அசலயும் கேட்டு வாங்கிப் பாத்துட்டுதான் போட்டாரு. ஒண்ணு ஒண்ணா ஒத்துப் பாத்தாரு பாவம், சாப்பாட்டு நேரத்துல.”

பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பெரியசாமி, தம் வரையில் எந்தத் தவறும் செய்யவில்லை. அசலும் நகலும் ஒன்றாக இருந்தன, அப்படி இருப்பதாக ஒப்பமிட்டார். சாதிச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் அப்படித்தான் அந்த வட்டாரம் முழுதும் செல்லுபடியாகின்றன.

“அண்ணி, இந்த ஒம்போதும் ஒரே நம்பரு. மிஷின் எடுக்காது.”

“மிஷின் எடுக்கலன்னா நீ எடு. உங்கிட்ட ஏதோ கோடு இருக்காமே, அத அடிச்சா எவ்ளோ வேணா கொறைக்கலாமாமே. எந்தம்பி சொல்லிக்கினு இருந்தான்.”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் காது கொடுத்தார்கள். வெனிலாவிடம் அந்தக் குறியீட்டு எண் இருந்தது உண்மை. எந்திரம் தகராறு செய்தால் கையால் விலை குறைப்பதற்கென்று பொறுப்பாளருக்குத் தரப்பட்ட எண் அது. கண்ணையனும் அதைத்தான் அடித்திருந்தார்.

“முடியாதுண்ணி.”

“பச்ச இங்க் கையெழுத்த பேங்க் ஒத்துக்குது, தாலுக்கா ஆபீஸ் ஒத்துக்குது. உங்க எண்ணெக் கட ஒத்துக்காதா? அவ்ளோ பெரிய கோட்டையா இது?”

“அண்ணி, ஹெச்.எம். இன்னா எழுதிக் குடுத்திருக்காரு? இது அதே தாளோட நகல்தான்னு எழுதிக் குடுத்திருக்காரு. அதே தாளா இருக்கக் கூடாதுன்றதுதான் இங்க ரூலே. ஒவ்வொண்ணும் வேற வேற நம்பரா இருக்கணும்.”

குழுவில் மூத்தவளான இன்னாசியம்மாள் சிரித்துவிட்டாள். “அய்ய, அப்ப ஹெச்.எம்மே நமக்கு எதுராச் சாட்சி சொல்லிட்டாரா?”

“நீ சும்மா கெட” என்று அன்புச்செல்வி சீறினாள்.

சத்தம் கேட்டு மேலாளர் வெங்கடாசலம் வந்தார். பத்து டின்களையும் பத்துப் பெண்களையும் பார்த்தார். மாத விற்பனை இலக்கு அவர் கண்முன் நின்றிருக்க வேண்டும். “குடுத்துடும்மா, பண்டிக நேரம். ஊர்க்காரங்கள பேஜாரு பண்ணாத” என்றார்.

“நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க சார், போட்டுடறேன்.”

“இதுக்கெல்லாமா எழுத்து?”

“கண்ணையன் சார்கிட்டயும் வாயாலதான் சொன்னாங்களாம்.”

வெங்கடாசலம் ஒரு தாளை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, அதை எடுத்த இடத்திலேயே வைத்தார். “சரிதான், விதின்னா விதிதான்” என்று பெண்களிடம் பொதுவாகச் சொல்லிவிட்டு, ஐஸ்கிரீம் ஃப்ரீசர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

வெனிலா குரலைத் தாழ்த்தினாள். “எதுத்த மாடில பிரவுசிங் சென்டர் இருக்குதுண்ணி. அஞ்சு கம்ப்யூட்டர். ஒண்ணுக்கு ரெண்டு பிரிண்டு வரும். கரண்டு போறதுக்குள்ள ஜல்தியா போய் எடுத்தாந்துடுங்க. டின்ன நான் எடுத்து வைக்கறேன்.”

அது நியாயமான வழி. ஆனால் அதை ஏற்பதென்றால், தலைமையாசிரியரைச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்பது கையெழுத்துப் போட வைத்தது வீண் என்று அன்புச்செல்வி அத்தனை பேர் முன்னிலையில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் தன் டின்னை மேடையிலேயே விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். மற்றவர்களும் பின்தொடர்வார்கள் என்று எதிர்பார்த்திருப்பாள். யாரும் அசையவில்லை.

இன்னாசியம்மாள், “எந்த மாடி, பாப்பா?” என்று கேட்டாள்.

முதலில் அவள் போனாள், பிறகு இருவர், பிறகு மீதிப் பேர். திரும்பிவந்தபோது ஒவ்வொருவர் கையிலும் மை காயாத வண்ணத் தாள் இருந்தது. எந்திரம் ஒன்பதையும் ஏற்றுக்கொண்டது. டின்களைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஆட்டோவுக்குப் போனபோது, அன்புச்செல்வி ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் சாலையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தாள். அவளுடைய டின்னையும் இன்னாசியம்மாள்தான் கொண்டுபோய்க் காலடியில் வைத்தாள். அன்புச்செல்வி குனிந்து பார்க்கவில்லை.

பச்சை மையிட்ட ஒன்பது நகல்களையும் வெனிலா ஒரு குறிப்போடு விழுப்புரத்துக்கு அனுப்பினாள். அலுவலகத்தில் அவை மேசை மேசையாகச் சுற்றியதாகப் பிறகு தெரிந்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அன்புச்செல்வி தம்பி வீட்டுக்கு வரவில்லை. பிரான்சிஸ் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

ஜனவரியில் விழுப்புரத்திலிருந்து இரண்டு உறைகள் வந்தன. சிறிய உறையில் வெனிலாவைப் பில்லிங் பொறுப்பாளராக நிலைநிறுத்தும் ஆணை இருந்தது. பெரிய உறையில் திருத்திய விதிப்பலகைகள். பழைய விதிகளோடு புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘அரசு அலுவலர் சான்றொப்பமிட்ட நகல்களும் ஏற்கப்படமாட்டா.’ அவள் அதை நான்கு மேடைகளிலும் நேராக ஒட்டினாள்.

ஒரு வாரம் கழித்து, அவள் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது.

“வேல நெலச்சிட்டுதாமே” என்றாள் அன்புச்செல்வி.

“ஆமாண்ணி.”

“நல்லது. மூச்சு வாங்கறது இப்ப இல்லியே?”

“இல்லண்ணி.”

“ம். எங்க ஹெச்.எம். கையெழுத்து செல்லாதுன்னு அங்க போர்டு மாட்டி வச்சிருக்கியாம். இன்னாசியம்மா பாத்துட்டு வந்து ஊரு பூரா சொல்லிக்கினு திரியுது. அவரு மூஞ்சில நான் எப்பிடி முழிக்கறது? அந்த ஒரு வரிய மட்டும் கிழிச்சிடு.”

வெனிலா கஞ்சி வடியும் பாத்திரத்தைப் பார்த்தாள்.

“விழுப்புரத்துல இருந்து வந்ததுண்ணி. கிழிக்க முடியாது.”

மறுமுனையில் கோழிகளை விரட்டும் சத்தம் கேட்டது. “சரி, வையி” என்றாள் அன்புச்செல்வி. வெனிலா வைக்கவில்லை, அவளும் உடனே வைத்துவிடவில்லை.