ஊர் கூவும் சின்னுசாமி

"நெய்யி, நெய்யி! ராசிபுரம் நெய்யேய்! சாமி கோவிச்சுக்கிட்டு நின்ன மோகனூரேய்! ஏறுங்க சாமி, ஏறுங்க! நெய்ச்சோறு தின்னுட்டு ஆத்துல குளிக்கலாம், ஏறுங்க!"

வண்டி இன்னும் உயிர் பெறவில்லை. டிரைவர் முன்னால் குனிந்து ஹாண்டிலைச் சுற்றுகிறார். என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு ஓய்கிறது. படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று சின்னுசாமி கூவிக்கொண்டிருக்கிறார். வலது உள்ளங்கை காதைப் பொத்தியிருக்கிறது. கூவும்போது கண்களை மூடிக்கொள்வார். நெய் என்று சொல்கையில் மூக்கு லேசாக விரியும். கேட்கிறவனுக்கு வாசனை வந்துவிடும்.

சேலம் மோட்டார் ஸ்டாண்டில் வண்டிகளுக்கு ஆள் சேர்ப்பதுதான் அவருடைய தொழில். வேறு சிலரும் அதைச் செய்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் கத்துவார்கள். பிரயாணியின் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். சின்னுசாமி மூட்டையைத் தொடமாட்டார். ஊரின் பெருமையைச் சொல்லுவார். ஆள் தானாக வந்து ஏறுவான். சங்ககிரி என்றால் "வாசல் மேல வாசலா வெச்ச கோட்டை." திருச்செங்கோடு என்றால் "ஆணும் பொண்ணும் ஒண்ணா நின்ன மலை." மேச்சேரி என்றால் ஆடு.

இந்த ஆட்டினால் ஒரு நாள் வம்பு வந்தது. மேச்சேரிக்காரர் ஒருவர் ஏறிய வண்டியிலிருந்து கீழே இறங்கி வந்து, "ஏனுங்க, எங்கூருல ஆடு மட்டும்தான் இருக்குதுங்களா? பத்ரகாளியம்மன் உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று சண்டைக்கு நின்றார். சின்னுசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தப்புத்தானுங்க. நாளையிலிருந்து காலை வண்டிக்கு அம்மன், சாயங்கால வண்டிக்கு ஆடு. சரிங்களா?" என்றார். அப்படியே இன்றுவரை நடக்கிறது.

பெயர் பெறாத சிற்றூர்க்காரர்கள் வந்தால் அவர்களை நிறுத்தி விசாரிப்பார். "எங்கூருல என்னங்க இருக்குது, கல்லும் கள்ளியும்தான்" என்பார்கள். விடமாட்டார். கோடையில் வற்றாத குட்டை உண்டா, நல்ல காளை உண்டா, ஒரு கூத்தாடியாவது பிறந்தானா என்று தோண்டித் தோண்டிக் கேட்பார். ஏதாவது ஒன்று அகப்படும். மறுநாள் அந்த ஊரும் கூவலில் ஏறிவிடும். ஆனால் இல்லாததைச் சொல்லமாட்டார். "கத்திரிக்காக்காரன் பொய் சொன்னா ஒரு வேளைக் கறி கெட்டுப்போகுமுங்க. ஊரைப் பத்திப் பொய் சொன்னா, போறவங்க போயிப் பாத்துடுவாங்கல்ல?" என்பது அவர் கட்சி.

கோர்ட்டு வேலையாக வாரந்தோறும் சங்ககிரிக்குப் போய்வருகிறவன் நான். வண்டி கிளம்ப நேரமாகும் ஒரு நாள், அவருடைய சொந்த ஊர் எது என்று கேட்டேன். இடுப்பு மடிப்பிலிருந்து அதிமதுரத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தொண்டைக்கு அதுதான் அவருக்கு மருந்து.

"தண்ணிக்குள்ள இருக்குதுங்க" என்றார்.

மேட்டூரில் அணை கட்டியபோது காலி செய்த ஊர்களில் ஒன்று. சர்க்கார் வேறு இடம் காட்டியது. இவர் மனைவி பொன்னாயியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு சேலத்துக்கு வந்துவிட்டார்.

"அந்த ஊருக்கு என்ன பெருமை?" என்று கேட்டேன்.

"இனி மீனுங்களைத்தான் கேக்கோணும்" என்று சிரித்துவிட்டு, அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அவரைப் பற்றி நான் எழுத நினைத்தது அந்தச் சிரிப்புக்காக அல்ல, ஊஞ்சக்காட்டுக்காக.

சங்ககிரி சாலையில் ஊஞ்சக்காடு என்று ஒரு சிற்றூர். சில வருஷங்களுக்கு முன் அங்கே வாந்திபேதி கண்டது. வீட்டுக்கு வீடு ஆள் போயிற்று. பழைய கிணற்றில்தான் நோய் இருக்கிறது என்று தெரிந்து அதை மூடினார்கள். மிஞ்சியவர்கள் ஊருக்கு மேற்கே பாறையை உடைத்துப் புதுக் கிணறு வெட்டினார்கள். சுகாதார அதிகாரி வந்து பார்த்து, நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போனார். நோய் போய்விட்டது, பெயர் போகவில்லை. 'பேதியூர்' என்றே சொன்னார்கள். அந்த ஊரைக் கடக்கும்போது பிரயாணிகள் துணியால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். டிரைவர்கள் அங்கே நிறுத்துவதில்லை. அங்கிருந்து பெண் எடுப்பாரும் இல்லை, அங்கே பெண் கொடுப்பாரும் இல்லை.

ஒரு நாள் சின்னுசாமி சங்ககிரி வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். நிலக்கடலைக் கூடையோடு ஒரு நடுவயதுப் பெண், ஆத்தாயி என்று பெயர், மேட்டுக்கடைக்குப் போக வேண்டும் என்றாள். அது ஊஞ்சக்காட்டுக்கு அடுத்த ஊர். ஊரைப் பற்றி விசாரிப்பதுதான் இவர் பழக்கமாயிற்றே. "மேட்டுக்கடையில யாரு ஊடுங்க?" என்று கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. முகம் வெளிறிவிட்டது. அவரை ஓரமாக அழைத்துப்போய் மெல்லச் சொன்னாள்:

"எனக்கு ஊஞ்சக்காடுங்க சாமி. பேரைச் சொன்னா பக்கத்துல உக்கார உட மாட்டேங்கறாங்க. அதனால மேட்டுக்கடையில எறங்கித் திரும்பி நடந்து போயிக்குவோம். எங்கூருல எல்லாருமே அப்படித்தானுங்க."

அன்று முழுவதும் அவர் கூவல் சரியில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். ராசிபுரம் வண்டிக்கு நெய்யை விட்டுவிட்டாராம்.

மறு வாரம் அவர் ஊஞ்சக்காட்டுக்கே போனார். மேட்டுக்கடையில் இறங்கி, ஆத்தாயி நடக்கும் வழியிலேயே திரும்பி நடந்தார். ஊர்ப் பெரியவர் காளியப்பன் வாசலில் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார். வெயிலில் நடந்து வந்த ஆளுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுத்தால் மறுப்பாரோ என்ற பயம். கடைசியில் இவரே கேட்டார்: "ஏனுங்க, தாகமா இருக்குது, சித்தெ தண்ணி குடுப்பீங்களா?"

ஆத்தாயி செம்பைக் கொண்டுவந்து கட்டில் காலருகே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள். ஊரே கூடிப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர் அண்ணாந்து குடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு உதட்டை நக்கிப் பார்த்தார். மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அட, உப்பே இல்லீங்களே! இந்தப் பக்கமெல்லாம் கடுத்த தண்ணியா இருக்குது. உங்க தண்ணி இளநியாட்டம் இருக்குதே! இதைப் போயி இத்தனை நாளு ஒருத்தருகிட்டயும் சொல்லாம வெச்சிருந்தீங்களா?"

காளியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது என்றும், அதை மறைக்க அவர் வாசலில் நின்ற மாட்டை அதட்டினார் என்றும் ஆத்தாயி பிறகு என்னிடம் சொன்னாள்.

திரும்பி வரும்போது ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கிவந்தார். வீட்டில் பொன்னாயி வாசலிலேயே தடுத்தாள். "நீங்க குடிக்கறதுன்னா குடிங்க. ஊட்டுப் பானையில ஊத்தாதீங்க. கொழந்தை இருக்குது" என்றாள். அவர் அவளோடு வாதாடவில்லை. குடத்தை ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனார். சங்ககிரி வண்டி நிற்கும் இடத்தில் அதை வைத்து, எல்லாரும் பார்க்கக் குடித்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு கூவினார்:

"சங்ககிரி, சங்ககிரி! இளநித் தண்ணி ஊஞ்சக்காடேய்!"

வண்டியில் இருந்தவர்கள் எழுந்து மறு பக்கம் இறங்கிவிட்டார்கள். வண்டி ஊஞ்சக்காட்டில் நிற்குமோ என்ற பயம். டிரைவர் சென்னிமலை, முரட்டு மனிதர், படியில் நின்று வைதார். விஷயம் வண்டி முதலாளிக்கு எட்டியது. அவர் ஆள் அனுப்பினார்: இனி சின்னுசாமி தம் வண்டிகளுக்குக் கூவக்கூடாது. சங்ககிரி சாலையில் ஓடுபவை பெரும்பாலும் அவருடைய வண்டிகள்தான். சின்னுசாமியின் பிழைப்பில் பாதி போயிற்று.

நான் அடுத்த முறை வந்தபோது, ஸ்டாண்டின் மூலையில் ராசிபுரம் வண்டியருகே நின்றிருந்தார். குடமும் பக்கத்தில் இருந்தது.

"எதற்கு இந்தப் பிடிவாதம்? கூவ வேறு ஊரா இல்லை?" என்று கேட்டேன்.

"என்ற ஊருல ஆளுங்க இருந்தாங்க, ஊரு போயிருச்சு" என்றார். "அங்க ஊரு இருக்குது, ஆளுங்களும் இருக்கறாங்க. அப்புறம் எதுக்குங்க அவங்க இன்னொரு ஊரு பேரைச் சொல்லோணும்?"

வாரா வாரம் குடம் வந்தது. இவர் குடித்தார். எப்போது விழுவார் என்று பார்த்திருந்தவர்களுக்கு முன்னால் இன்னும் உரக்கக் கூவினார். வேறொருவரும் ஒரு வாய் குடிக்கவில்லை.

சித்திரை வந்தது. அந்த வெயிலில் ஒரு நடுப்பகல் வண்டியில் நானும் இருந்தேன். ஊஞ்சக்காட்டுக்குக் குடத்தோடு போகும் சின்னுசாமியும் இருந்தார்; கூவத்தான் தடை, காசு கொடுத்து ஏறத் தடையில்லை. ஆத்தாயியும் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ஊஞ்சக்காட்டு எல்லையில் வண்டியின் மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பிற்று. வண்டி நின்றுவிட்டது.

சென்னிமலை சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிநீர் பொங்கி உள்ளங்கையில் அடித்தது. "உப்புத் தண்ணியை ஊத்தி ஊத்தி உள்ளாற அடைச்சுக்கிச்சு" என்று கையை உதறிக்கொண்டு வைதார். சுற்றுமுற்றும் நிழல் இல்லை. வண்டியில் குழந்தைகள் அழத் தொடங்கின. தண்ணீர் என்றால் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஊஞ்சக்காட்டுக் கிணறு ஒன்றுதான்.

ஆத்தாயிதான் இறங்கி முன்னால் வந்தாள். "ஏனுங்க, எங்கூருத் தண்ணி வண்டி குடிக்குமுங்களா?" என்று கேட்டாள்.

சென்னிமலை அவளைப் பார்த்தார், சின்னுசாமியைப் பார்த்தார். "கொண்டாங்க" என்றார்.

ஊரிலிருந்து குடங்கள் வந்தன. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலையில் சுமந்து ஓடிவந்தார்கள். அத்தனை குடம் தேவையில்லை என்றோம். அவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. முதலில் ஆத்தாயி டிரைவருடைய வெந்த கையின்மேல் தண்ணீரை ஊற்றினாள். நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டேயிருந்தாள். எரிச்சல் அடங்க அடங்கச் சென்னிமலையின் முகம் இளகிற்று. சற்றுப் பொறுத்து, அந்தக் கையையே குவித்து, வாயருகே கொண்டுபோய்க் குடித்தார். மறுபடி குவித்துக் குடித்தார். அப்புறம் கைக்குழந்தைக்காரி ஒருத்தி தன் செம்பை நீட்டினாள். பிறகு நாங்கள் எல்லாரும் இறங்கினோம்.

என்ஜின் ஆறியதும் ரேடியேட்டரில் ஊற்றினார்கள். வண்டி சங்ககிரி வரைக்கும் மூச்சு வாங்காமல் போயிற்று.

அதற்குப் பிறகு சென்னிமலை வேறு தண்ணீர் ஊற்றுவதில்லை. போகும்போதும் வரும்போதும் ஊஞ்சக்காட்டில் நிறுத்துவார். "மனுசனுக்கு எப்படியோ தெரியாது, என்ற வண்டிக்கு இந்தத் தண்ணிதான் ஒத்துக்குது. கொதிக்கறதே இல்லை" என்று மற்ற டிரைவர்களிடம் சொன்னார். அவர்களும் நிறுத்தினார்கள். வண்டி நின்றால் ஆட்கள் இறங்குவார்கள். இறங்கினால் தாகம் எடுக்கும். ஆத்தாயி சாலையோரம் ஒரு பந்தல் போட்டு வறுத்த கடலை விற்கத் தொடங்கினாள். முதலாளி எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் சென்னிமலையே ஸ்டாண்டின் மூலைக்குப் போய், "அங்க என்ன பண்றீங்க? வந்து நம்ம வண்டிக்குக் கூவுங்க" என்று சின்னுசாமியைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். "வண்டியே தண்ணி குடிக்கற ஊரேய்!" என்று அன்று அவர் கூவியபோது ஸ்டாண்டே சிரித்தது. பொன்னாயி வீட்டில் அந்தத் தண்ணீரில்தான் இப்போது பருப்பு வேகிறது. வேறு தண்ணீரில் வேகமாட்டேன் என்கிறதாம்.

போன தை மாதம் நான் கண்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ராசிபுரம் வண்டியிலிருந்து ஒரு குடும்பம் இறங்கிற்று. பெரியவர் ஒருவர், அவர் மனைவி, உறவுக்காரர்கள் சிலர். பெரியவர் கையில் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ. ஊஞ்சக்காட்டில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறார்கள். நோய் வந்த பிறகு அந்த ஊருக்கு அப்படிப் போகிறவர்கள் அவர்கள்தான் முதல். சங்ககிரி வண்டியருகே வந்ததும் பெரியவரின் கால் தயங்கிற்று. சின்னுசாமியின் பக்கம் நெருங்கி, பிறர் காதில் விழாதபடி கேட்டார்:

"ஏனுங்க, நீங்க எல்லா ஊரையும் அறிஞ்சவராமே. அந்த ஊருல பொண்ணு எடுக்கலாமுங்களா?"

நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சென்னிமலையும் திரும்பிப் பார்த்தார். இப்போது ஒரு பெருங்கூவல் வரும், ஸ்டாண்டு அதிரும் என்று நினைத்தோம்.

சின்னுசாமி தோளிலிருந்த துண்டை எடுத்து முன் இருக்கையைத் தூசி போகத் துடைத்தார். பிறகு பெரியவர் கையிலிருந்த தட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பெரியவர் மெதுவாகப் படியேறி உட்காரும்வரை அதை மார்போடு அணைத்து நின்றார். உட்கார்ந்ததும், சரிந்திருந்த தேங்காயை நேராக நிமிர்த்தி, தட்டை அவர் மடியில் வைத்தார்.