பூச்சிக்கு மூக்கு, எனக்கு மூக்கறுப்பு

பூச்சிமருந்து விற்பவன் கதவைத் தட்டினால், “எங்க ஊட்ல பூச்சி இருக்குதுன்னு உனக்கு யார் சொன்னது?” என்ற கோபம்தான் முதலில் வந்து கதவைத் திறக்கும். அறுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்து, திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை அந்தக் கோபத்தை வாங்கிக்கொண்டு அலைந்தவன் நான். பை தூக்கிப் படியேறிப் பிழைத்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. பூச்சி எப்படி மோப்பம் பிடிக்கிறது, எப்படி ருசி பார்க்கிறது என்று கம்பெனியில் பாடம் நடத்தி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பாடம்தான் என் மானத்தை வாங்கியது.

காலில் நாக்கு

திருவள்ளூரில் ஒரு மிட்டாய்க் கடை. அமாவாசைக் கூட்டம். ஈ மருந்தை விற்றே தீருவது என்று ஒரு ஈயைப் பிடித்து, இறக்கையைப் பற்றிக்கொண்டு, அதன் காலில் மட்டும் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தேன். உடனே அதன் வாய்க்குழாய் நீண்டது. “பார்த்தீங்களா? ஈ வாய் வைக்கிறதுக்கு முன்னாலேயே காலால ருசி பார்த்துடும். கால் மயிரெல்லாம் அதுக்கு நாக்கு மாதிரி!” என்றேன்.

கூட்டம் வாயைப் பிளந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். “அதனாலதான் சாக்கடையிலேயும் மிதிச்சுப் பார்க்குது, ஜாங்கிரியிலேயும் மிதிச்சுப் பார்க்குது” என்றும் சொல்லிவிட்டேன். பொட்டலம் கட்டி வாங்கியிருந்த ஒரு அம்மாள் அதை மெதுவாகக் கல்லாவின் மேல் திருப்பி வைத்தார். அடுத்து இன்னொருவர். கடை காலியானது. முதலாளி தட்டைத் துணியால் மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னா நைனா, ஈய ஓட்டச் சொன்னா கிராக்கிய ஓட்டிக்கினு நிக்கிறியே!”

பெரியபாளையம் பஸ்

ஆடி மாதம். பஸ்ஸில் அம்மன் கோயிலுக்குப் போகும் ஜனம். என் பையில் ஒரு மருந்து பாட்டிலின் மூடி கழன்றுவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாரும் ஒருபக்கம் ஒதுங்க, நான் மட்டும் நடுவில் தனியாக நின்றேன். கண்டக்டர் விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினார்.

“எறங்கிக்கோ சார். பூச்சி மட்டும் செத்தா போதும், எங்கள உட்டுடு.”

பெண் பார்க்கப் போன இடத்தில்

வேப்பம்பட்டுப் பக்கம் எங்களிடம் மருந்து வாங்கும் வேர்க்கடலை விவசாயி ஒருவர். அவர் மகளை எனக்குக் கேட்டிருந்தார்கள். பெண் பார்க்கும் அன்று சாயங்காலம் ஒரு கடலைக் கொல்லையில் வேலையை முடித்துவிட்டு, அம்மாவோடு நேராக அங்கே போனேன். மடியில் பை. பைக்குள் வலைப்பெட்டி. பெட்டிக்குள் ஆணோடு சேராத பெட்டை அந்துப்பூச்சிகள். அவற்றை வயலில் தொங்கவிட்டால் அந்த வாசனைக்கு ஆண்பூச்சிகள் வந்து கீழேயுள்ள தண்ணீர்த் தட்டில் விழும். ஆண்பூச்சியின் தலைக்கொம்புதான் அதற்கு மூக்கு. எங்கிருந்தோ வரும் ஒரு துளி வாசனையையும் அது விடாது.

விளக்கேற்றினார்கள். பெண் காப்பி கொண்டுவந்தாள். ஜன்னல் வழியாக ஒரு அந்துப்பூச்சி வந்தது. பின்னாலேயே நாலைந்து. விளக்குப் பக்கம் போகாமல் எல்லாம் என் மடியையே சுற்றின. ஒன்று சட்டையில் உட்கார்ந்தது, ஒன்று காப்பியில் விழுந்தது. வேறு வழியில்லாமல் பைக்குள் என்ன இருக்கிறதென்று சொன்னேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடம் பிறகு அமையவில்லை. அதைவிட, சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பெண் தன் அப்பாவிடம் கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

“இதுங்களும் பொண்ணு பாக்கத்தான் வந்துகீதா? அப்ப இன்னும் எத்தினி டம்ளர் காப்பி போடணும்பா?”

எறும்பு வந்த வழி

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்த சமயம். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்த ஞானமணி எனக்கு நல்ல வாடிக்கைக்காரர். ரயிலைத் தவறவிட்ட ஒரு நாள், தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அவர் மனைவி எஸ்தர் வைத்த சொம்புத் தண்ணீர் எனக்குப் போதவில்லை. எழுந்து எழுந்து குடித்தேன். எழுந்து எழுந்து கொல்லைப் பக்கமும் போனேன்.

காலையில் பார்த்தால், கொல்லைச் சுவரோரம் எறும்பு மொய்த்துக்கிடந்தது. நான் உற்சாகமாகி, “எறும்பு கொம்பால தொட்டே இனிப்பைக் கண்டுபிடிச்சிடும்மா. இங்கே ஏதோ இனிப்பு சிந்தியிருக்கு. ஒரு சிட்டிகை பவுடர் போட்டுடறேன்” என்று பையைத் திறந்தேன். எஸ்தர் கணவரைப் பார்த்தார். ஞானமணி தரையைப் பார்த்தார். அது ராத்திரி நான் ஒன்றுக்குப் போன இடம் என்று அப்போதுதான் உறைத்தது. கையில் பவுடர் டப்பாவோடு, அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். ஆஸ்பத்திரியில் சோதித்துச் சர்க்கரை வியாதி என்று சொன்னதும், இன்றுவரை உயிரோடு இருப்பதும் பிறகு வந்த கதை. தன் அப்பாவுக்கும் இப்படித்தான் எறும்பு மொய்த்தது என்று தயங்கித் தயங்கிச் சொன்ன எஸ்தர், கடைசியில் என்னிடம் சொன்னார்:

“தப்பா நெனச்சிக்காதீங்க சார். மருந்து எறும்புக்கு வோணாம், உங்களுக்குத்தான் வோணும்.”

இத்தனை வருஷத்தில் எத்தனை பூச்சியைக் கொன்றேனோ தெரியாது, பட்ட வெட்கத்தில் ஒன்றுகூட இன்னும் சாகவில்லை.