செருப்பு யானை

என் கையெழுத்து மோசமாக இருக்கும். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒதுங்கும் பிய்ந்த செருப்புகளைப் பொறுக்கிக் கழுவி, வெட்டி ஒட்டி உருவங்கள் செய்வேன். தை மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பார்வையாக இருக்கட்டும் என்று, நான் செய்த யானையை முன் அறையில் வைத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். யானையைப் பிள்ளையார் என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நல்ல பிள்ளையாரு! எங்க வாங்கினிய?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகள்தான் சொன்னாள்: “பிள்ளையாரில்ல மாமி, யானை. அப்பா பழைய செருப்ப வெட்டிச் செஞ்சது.”

“செருப்பையா கண்ணுல ஒத்தினேன்? மக்கா, முகம் கழுவ தண்ணி கொண்டா!”

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். அவருடைய அம்மா காப்பியைத் தொடவில்லை. இன்றுவரை அவர்களிடமிருந்து பதிலும் இல்லை.

மகள் என்னைத் திட்டவில்லை. “யானைய எங்க வச்சிருக்கிய அப்பா?” என்று மட்டும் நாலு நாள் கழித்துக் கேட்டாள். அன்றே அதைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர்கள் முன் அவள் உண்மையைச் சொன்னதைவிட, அவளிடம் நான் சொல்லாததுதான் இப்போது கூசுகிறது.

எழுதியது மாசி பன்னிரண்டாம் தேதி.