பரமட்டாவில் அவிழ்ந்த நாடா

பரமட்டா ரயில் நிலையம், 1975 ஜனவரி. இந்த நாட்டில் ஜனவரிதான் கோடை; வெயில் கொளுத்துகிறது. நான் ஊரிலிருந்து பார்க்க வந்திருக்கும் என் தங்கை மாலதி, வேலைக்கான நேர்முகத் தேர்வுக்காக முதன்முதலாகக் கவுன் போட்டிருக்கிறாள். உள்ளே, சேலைக்குக் கட்டும் உள்பாவாடையைக் குட்டையாக வெட்டித் தைத்துக் கட்டியிருக்கிறாள். படியேறும்போது நாடா அவிழ்ந்து, பாவாடை காலடியில் விழுகிறது.

“ஐயோ அக்கா, வீட்ட போவம். இது இல்லாமல் என்னெண்டு போறது?”

பின்னால் வந்த, தொப்பியும் இந்த வெயிலிலும் நீளமான நைலான் ஸ்டாக்கிங்ஸும் போட்ட வெள்ளைக்கார அம்மா அதை எடுத்து உதறித் தருகிறார். “இப்போதெல்லாம் யார் இதைப் போடுகிறார்கள்? என் மகள் நிறுத்தி எவ்வளவோ காலமாகிறது. நீ போ, கண்ணே,” என்கிறார் ஆங்கிலத்தில்.

மாலதி பாவாடையை என் கையில் திணிக்கிறாள். “போயிட்டு வாறன், அக்கா.”

அவள் துள்ளி நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, விறுவிறுவென்று பெண்கள் அறைக்குள் போகிறார். திரும்பி வரும்போது அவருடைய கால்கள் வெள்ளைவெளேரென்று வெறுமையாக இருக்கின்றன. சுருட்டிய நைலான் ஸ்டாக்கிங்ஸைக் கைப்பைக்குள் தள்ளிக்கொண்டே என்னிடம் சொல்கிறார்:

“அடடா, என்ன காற்று!”