ஈர நெல்லும் ஜெர்மன் இறந்தகாலமும்

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போவதற்காக ஆன்லைனில் ஜெர்மன் படித்தேன். இறந்தகாலம் மட்டும் பிடிபடவே இல்லை. அப்போது நன்னிலம் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல் எடைக்குக் காத்துக் கிடந்தது. அதற்குக் காவலாக உட்கார்ந்துதான் போனில் வகுப்பைக் கவனிப்பேன்.

அடுத்த குவியல்காரர் வெளியூர்க்காரர். நான் வினைச்சொற்களை முணுமுணுப்பதைக் கேட்டு, "என்னம்மா, நெல்லுக்கு மந்திரம் ஓதுறியா?" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. காதில் இயர்போனோடு இருந்த நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள், அவர் எங்கள் நெல்மேல் தார்ப்பாயை இழுத்து விரித்துவிட்டார். அவருடையது திறந்து கிடந்தது. இருவரும் ஓடிப்போய் மூடுவதற்குள் ஒரு பக்கம் நனைந்துவிட்டது.

வகுப்புக்குத் திரும்பியதும், எங்கே போனீர்கள் என்று ஜெர்மனில் கேட்டார் ஆசிரியை. "மழை வந்தது. ஒருவர் எங்கள் நெல்லை மூடினார். அவர் நெல் நனைந்தது" என்றேன் மூச்சிரைக்க, ஜெர்மனிலேயே. இறந்தகாலம் எல்லாம் சரி என்றார்.

மறுநாள் எங்கள் நெல் எடைக்குப் போனது. ஈரம் என்று அவருடையதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். வெயிலில் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே, "இன்னைக்கு மந்திரம் இல்லையாம்மா?" என்றார்.

அந்த மூன்று வாக்கியங்களையும் ஜெர்மனில் சொன்னேன். வழக்கம்போலச் சிரித்தார். அது அவரைப் பற்றித்தான் என்று தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.