அக்காவின் களிமண் மலை

உலகத்தைப் படைத்தவருக்கே வழி தப்பினால் என் அக்காவிடம்தான் வந்து கேட்பார். மூன்றாம் வகுப்புக்கு எங்கள் வட்டாரத்தையே பலகைமேல் களிமண்ணில் செய்துவைத்துப் பாடம் நடத்துகிறாள். பள்ளியைப் பார்வையிட வரும் கல்வி அதிகாரிக்குப் பிடிக்காவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மனப்பாடத்துக்குத் திரும்ப வேண்டும். அவர் வந்த அன்று பலகையைச் சுமந்துபோன நான், கை சும்மா இராமல், மலையைப் பெயர்த்துக் கடலோரம் வைத்துவிட்டு, வகுப்பு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

"ஆறு எப்படிப் போகுது?" என்றார் அதிகாரி.

"இப்படி இருந்தா போகாது சார், மலை இடம் மாறியிருக்கு!" ஒரு வாண்டு எழுந்துவந்து மலையை ஆற்றின் தலைமாட்டில் நட்டது.

அதிகாரி சிரித்துவிட்டார். "இப்படியே நடத்துங்க டீச்சர்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் காதைத் திருகினாள். "மலையைத் தூக்கினது நீதான்னு தெரியும்டா எருமை. ஜன்னலுக்கு வெளியே நின்னு கைதட்டினது யாரு?"